சித்தப்பா திருத்திய விமானம்

செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேய ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் கராஜுக்குள் ஒரு விமானம் செய்தார். ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. ஏழு வருட உழைப்பு. பறந்தும் பார்த்தார்; பத்து நிமிடத்தில் எஞ்சின் கொதித்தது. இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார். எஞ்சினை மூடியிருக்கும் மூக்குப் பகுதியைக் கவுலிங் என்பார்கள். அதன் முன் ஓட்டைகளை இரண்டு தரம் பெரிதாக்கியும் சூடு குறையவில்லை. இன்னொரு முறை கொதித்தால் விற்றுவிடப் போவதாக வேலிக்கு மேலால் அம்மாவிடம் சொன்னார். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

சித்தப்பா அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஊரில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைத் திருத்தியவர். ஒருநாள் கராஜுக்குள் போய் அந்த மூக்கின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“பிள்ளை, அவரிட்டச் சொல்லு. காத்து உள்ள வருது, வெளிய போக வழியில்லை. முன்னுக்கு வெட்டிப் பிரயோசனமில்லை. கீழ, பின்னுக்கு வெட்டவேணும்.”

எனக்கு ஒன்பது வயது. இரண்டு மொழியும் அரைகுறை. உங்கள் விமானம் மூச்சை இழுக்கிறது, விட முடியவில்லை என்று சொன்னேன். கிழவர் அறுக்கும் வாளை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

அந்த மூன்று வாரமும் நான் பள்ளிக்கூடம் போனது குறைவு. படிப்பு என்னோடு ஒட்டாமல் போனது அங்கேதான் தொடங்கியது. பிறகு கப்பலிலும் லொறியிலுமாகப் பல ஊர் சுற்றியாகிவிட்டது, அதை விடுவோம். சித்தப்பா கீழ் விளிம்பை வெட்டி, வெளியே சரிந்த உதடு ஒன்றை ஃபைபர் கிளாஸில் செய்து ஒட்டினார். அதன் தூசு அரிக்க, கைகளைச் சொறிந்தபடியே சாப்பிட வருவார்.

“குண்டு போடுற பிளேனுக்குப் பயந்து ஓடி வந்தவன், இஞ்ச பிளேனுக்கு மூக்குச் செய்யிறான்!” என்று அப்பா சிரிப்பார்.

“இது குண்டு போடாது அண்ணை. வடிவா மூச்சு மட்டும் விடும்.”

ஒரு சனிக்கிழமை நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கிழவர் அதில் ஏறிப் பறந்தார். பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது. சித்தப்பா என் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபதாவது நிமிடம் கிழவர் சந்தோஷம் தாங்காமல் எங்கள் முதுகுப் பக்கமாகத் தாழ வந்து தலைக்கு மேலே பறந்தார். சத்தம் கேட்டதுதான் தெரியும். சித்தப்பா என்னைப் புல்லில் தள்ளி, மேலே கவிழ்ந்து, என் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவருடைய நெஞ்சு என் முதுகில் இடித்தது. விளையாட்டென்று நினைத்து நான் சிரித்தேன்.

விமானம் இறங்கி எஞ்சின் நின்ற பிறகுதான் எழுந்தார். என் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, “எவ்வளவு சூடெண்டு கேள்” என்றார். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே நின்றது. கிழவர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது நான் அதை நடித்துக் காட்டினேன். “சித்தப்பா, தான் திருத்தின பிளேனுக்கே பயந்து விழுந்தவர்!”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தார். சித்தப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். அதனால் எழுந்து, இந்த முறை எஞ்சின் சத்தத்தையும் சேர்த்து, முதலிலிருந்து நடித்துக் காட்டினேன்.