கேட்டில் கிளறிய சோறு

மலாய் நாட்டில் அவசர காலம் முடிகிற சமயம். எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருந்த காட்டை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அருவியில் குளிக்கலாம், பறவை, மிருகம் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் காட்டோரம்தான் வருஷக்கணக்காகப் பால் வெட்டினேன். பட்டாளத்தார் சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் உள்ளே நிமிர்ந்து பார்த்ததில்லை.

மகளைப் பெண் கேட்டவர்கள் தெமியாங்கில் இருந்தார்கள். டவுன் ஜனங்கள். காடு பார்க்கப் போவோம், நீங்களும் வாங்க என்று அவர்களே கூப்பிட்டார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் சோற்றைச் சாப்பிட்டார்கள் என்றால் முடிந்த மாதிரி. என் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

காட்டு கேட்டில் காக்கிச் சட்டை போட்ட மலாய்க்காரர் நின்றார். வழி சொல்லத்தான் நின்றார். எனக்குச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. தூக்கை இறக்கி, மூடியைத் திறந்து, கையைவிட்டுச் சோற்றை அடிவரை கிளறிக் காட்டினேன். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். கம்பி வேலிக்குள் எங்களை வைத்திருந்தபோது, வேலைக்குப் போகையில் உறைந்த ரப்பர் கட்டிப்பால் போடுகிற பையை அப்படித்தான் கிளறிக் காட்டிவிட்டுக் கை தூக்கி நிற்போம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று காக்கிச் சட்டைக்காரர்கள் பார்ப்பார்கள்.

திரும்பினால் மனைவியும் மகளும்கூடக் கை தூக்கி நிற்கிறார்கள்.

காவலர் ஒன்றும் புரியாமல், நேராகப் போங்கள் என்று மலாயில் சொன்னார். பையனின் அம்மா சிரித்தார்.

"என்னா அண்ணே, சோத்துக்குள்ள துப்பாக்கி கிப்பாக்கி வச்சிருக்கீங்களா?"

உள்ளே போனோம். எங்காங் பறவைகள் பெரிய அலகோடு தலைக்குமேல் பறந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

ஆற்றோரம் உட்கார்ந்தோம். மனைவி இலை போட்டாள். பசி இல்லை, ரொட்டி கொண்டுவந்திருக்கிறோம் என்றார் அந்த அம்மா. மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். மகள் தலையைத் தூக்கவில்லை.

பையன் இலை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் போடுங்க, அத்தே."

அவருடைய அம்மா அவரைப் பார்த்தார். நான் கிளறிய சோற்றைப் பையன் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணம் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். அந்தச் சோற்றை மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரா, பாவம் பார்த்துச் சாப்பிட்டாரா என்று நான் கேட்டதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை எழுந்து நாற்காலியைத் தருவார்.

நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவேன்.