கூடு இருந்த இலையை மட்டும் விட்டேன்

எங்க வீட்டுக்காரருக்கு வலது கையில நாலு விரலைக் கம்பெனியில தகடு அழுத்துற பிரஸ் மிஷின் எடுத்துக்கிச்சு. ஓசூர்ல இது ஒண்ணும் புதுசு இல்ல, எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு பேர் அப்படி இருக்காங்க. கட்டுப் பிரிச்ச பிறகும் மனுசன் கட்டிலை விட்டு எந்திரிக்கல. சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடணும். அப்போ முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவார். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

சுத்துப்பட்டு வீட்டுல எல்லாம் கொல்லை வரைக்கும் சிமெண்ட் பூசிட்டாங்க. நான் மட்டும் பூச விடல. குளிக்கிற தண்ணி போற இடத்துல கத்தரி, அவரை, ஒரு கொய்யாக் கன்னு வச்சிருந்தேன். தேனீ, ஓணான், பட்டாம்பூச்சி எல்லாத்துக்கும் போக்கிடம் அதுதான். ஒருநாள் தையல்சிட்டு ஒண்ணு வந்து கத்தரி இலையை மடிச்சுத் தைக்க ஆரம்பிச்சுது. ஜன்னல்ல பாத்துட்டே இருந்தவர், நாற்காலியை இழுத்துட்டு வெளியவே வந்துட்டார்.

"அதுக்குக் கை ஏது? வாயாலயே தைக்குது பாரு"ன்னார்.

ரெண்டு மாசமா "ம்" தவிர வேற பேச்சே இல்லாத ஆளு! மறுநாள் இடது கையால பொத்தான் போட உக்காந்தார். மூணு குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள கழுத்துப் பொத்தான் தவிர எல்லாம் போட்டுட்டார். "குஞ்சு பறக்கட்டும், கம்பெனியில போய் வேற வேலை கேக்கறேன்"னு சொன்னார். நான் சாமிக்குத் தேங்காய் உடைக்கறதா வேண்டிக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்துக் கத்தரியில புழு. நான் வேலை பாக்குறது கெலமங்கலம் ரோட்டுல, ரோஜாப் பூ கிரீன்ஹவுஸ்ல. மருந்தடிச்சு மிஞ்சுனதைத் தண்ணிப் பாட்டில்ல புடிச்சிட்டு வர்றது எங்க பொம்பளைங்க வழக்கம். வீட்டுச் செடிக்கும் அதுதான், மூட்டப்பூச்சிக்கும் அதுதான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்போ அடிச்சேன். கூடு இருந்த இலையை மட்டும் விட்டுட்டேன். பெரிய கெட்டிக்காரி நான்! துடிச்சு விழுந்த புழுவைத் தாய்ச்சிட்டு ஒண்ணொண்ணாக் கொத்திட்டுப் போய் ஊட்டுச்சு. "நல்லா தின்னுங்க கண்ணுங்களா"ன்னு நின்னு வேடிக்கை வேற பாத்தேன், பாவி.

காலையில அவர்தான் முதல்ல பாத்தார். மூணும் வாயைத் திறந்தபடி விறைச்சுக் கிடந்துது. தாய்ச்சிட்டு துணிக்கொடி மேல உக்காந்து கத்திக்கிட்டே இருந்துது, வாயில இன்னொரு புழு.

"மருந்தடிச்சியா?"

"கூட்டு மேல அடிக்கல மாமா, சத்தியமா."

நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். நாற்காலியை உள்ள எடுத்துட்டுப் போயிட்டார்.

நான் வேலைக்குக் கிளம்புற நேரம், சட்டையை மாட்டிட்டு வந்து எதிர்ல நின்னார். முகம் செவுத்துப் பக்கம்.

"போட்டு விடு."

எத்தனை தடவை சோப்புப் போட்டும் என் கையில மருந்து வாசம் போகல. அந்தக் கையாலதான் போட்டுவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நான்தான் போட்டுவிடறேன்.