கமலாவுக்கு நான் வாசித்த இரண்டு பக்கம்

அந்த நூலகத்துக்குள் நுழைந்தாலே அட்டை ஒட்டும் பசையும் ஈரச்சுவரும் கலந்த ஒரு வாடை அடிக்கும்…

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்ப் பாடம் எடுத்து வந்தேன்.

நாலு தெரு தள்ளி கமலா வீடு. தறிக்காரர் குடும்பத்து மருமகள், ஒன்பதாவது வரை படித்தவள். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்து நூலகம் போவோம். அவளுடைய நாலு வயது மகள் செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

நான் எடுப்பது தத்துவம். கமலா எடுப்பது கவிதை.

"இன்னா டீச்சர், இத்தினி தடியா? தலகாணி மாதிரி இருக்குது!" என்று சிரிப்பாள்.

"உன் புக்கு பஸ் வர்றதுக்குள்ள தீந்துடும்மா" என்பேன். அதில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. மரணம், ஆன்மா, நிலையாமை… இருபத்தாறு வயதில் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் செல்விக்கு ஜுரம் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் புத்தகத்தோடு போனேன். வீட்டில் தறிச் சத்தம் இல்லை. சுவரோரம் இருந்த கமலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தேடி எடுத்து வைத்திருந்த இரண்டு பக்கத்தை வாசித்தேன். பிறப்பும் இறப்பும் வெறும் தோற்றம், பற்றுதான் துயரத்துக்குக் காரணம் என்றெல்லாம்…

முடித்ததும் கமலா புத்தகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், அதுல எங்கனா செல்வி பேரு இருக்குதா?"

"இல்லம்மா…"

"அப்ப மூடிடு டீச்சர்."

எழுந்துபோய்த் தன் கவிதைப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"தேதி தாண்டிடுச்சு. குடுத்துடு டீச்சர். நான் இனிமே வரல."

திங்கட்கிழமை பஸ்ஸில் அதைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் சிவப்புப் பட்டிழை வைத்திருந்தாள். ஆறே வரி. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருத்தி வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிறாள். பிள்ளை வரவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு சொல் கிடையாது.

வாலாஜாபாத் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க நேராகக் கமலா வீட்டுக்குப் போனேன். மாமியார்தான் இருந்தார்.

"ஆரணிக்கு அம்மா வூட்டுக்குப் பூட்ச்சு டீச்சர். எப்ப வருமோ தெரியல."

இரண்டு மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. ஆரணி விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதன்பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போதெல்லாம் வாட்ஸப்பில் ஒரு சாவுச் செய்தி வந்தால், ஐந்து நிமிஷத்தில் தத்துவம் வந்து குவிகிறது… தீபம் போட்டு, பூ போட்டு. அன்று நான் வாசித்ததும் தப்புதான். ஆனால் அதற்கு நாலு தெரு நடந்தாவது போனேன்.

எனக்கு அனுப்ப எதுவும் தோன்றுவதில்லை. முட்டிவலியோடு ஆட்டோ பிடித்துச் சாவு வீட்டுக்குப் போய், பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சில பேர் பேசுவார்கள்…

சில பேர் பேசமாட்டார்கள்.