குளத்து முதலைக்கு வேறு தண்ணீர்

நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டியதும் பேருந்து பழுதாகி நிற்கிறது. பக்கத்துக் குளக்கரையில் தப்பட்டை ஒலிக்கிறது. இறங்கிப் போகிறேன்.

இந்தக் குளத்தில் மாட்டையே விழுங்கும் ராட்சத முதலை இருப்பதாக ஊர் நம்புகிறது. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் ஆடிதோறும் பொங்கல் வைத்து, களிமண் முதலை ஒன்றைத் தண்ணீரில் விடுகிறார்கள். இன்று அந்தத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் நுரைத்துக் கிடக்கிறது.

மண் முதலையைச் சுமந்து வந்த பெண் கடைசிப் படியில் நின்றுவிடுகிறாள்.

"விடலீங்களா?" என்று கேட்கிறேன்.

"எப்படீங்க விடறது? நானே சாயப்பட்டறைக்குத்தான் வேலைக்குப் போறேன். இதுல என்ன வந்து கலக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

"வழக்கத்தை மாத்தக்கூடாது கண்ணு," என்கிறார் வயதான பூசாரி.

"எங்கூட்டுக் கெணத்துல விடறேன் சாமி. அங்க தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்குது."

அவள் படியேறி நடக்கிறாள். தப்பட்டைக்காரர்கள் பூசாரியின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் குளத்து நுரையைப் பார்க்கிறார். பிறகு கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போகிறார். தப்பட்டை மறுபடி ஒலிக்க, கூட்டமும் நகர்கிறது. குளக்கரையில் யாரும் மிச்சமில்லை.