ஆவுடைத்தாய் நம்பவில்லை
கோவில்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்குள் கால் வைக்குமுன், ஆவுடைத்தாய் கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்த்தாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே எதற்கு?

“கதவைச் சாத்தப்பிடாது” என்றாள்.

“திறந்தே இருக்கட்டும்க்கா” என்றாள் உள்ளே இருந்த மனநல ஆலோசகர் ராதாமணி.

அவள் அவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது ஆவுடைத்தாயின் சந்தேகத்தைக் கூட்டியது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். கடம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆவுடைத்தாய் ஆடுகளும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருந்தாள். கணவன் தவசிக்குத் திருப்பூரில் வேலை. ஒன்பதாவது படிக்கும் மகள் மாரிசெல்விதான் அவள் தலைவலி. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். தொட்ட வேலையைப் பாதியில் விடுவாள். ஒரு சொல் பொறுக்காமல் தட்டை வீசுவாள். வீசிய கையோடு அழுவாள். வகுப்பில் ஒருத்தி மேல் ஜியாமெட்ரி பாக்ஸை எறிந்த பிறகு, பெரிய டீச்சர் இந்த இடத்தைச் சொல்லி அனுப்பினார்.

ஆவுடைத்தாயின் தம்பி முத்துசெல்வமும் சின்னதில் இப்படித்தான். குணமாக்கித் தருகிறோம் என்றவர்களை நம்பி அப்பா அவனை எங்கோ தொலைவில் கொண்டுபோய் விட்டார். கணுக்காலில் சங்கிலித் தழும்போடு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவன் கோபப்பட்டதே இல்லை. சிரித்ததும் இல்லை. ‘பையன் சரியாயிட்டான்’ என்றது ஊர். அன்றிலிருந்து, சரி செய்கிறேன் என்று யார் சொன்னாலும் அவள் முதலில் தாழ்ப்பாளைத்தான் தேடுவாள்.

“இது பேயும் இல்ல, திமிரும் இல்ல” என்றாள் ராதாமணி. “சில பிள்ளைகளுக்கு மூளை இப்படித்தான் ஓடும். கவனம் நிக்காது, கோவம் வந்தா அடக்க நேரமாகும். மாத்திரை வேணுமான்னு பெரிய டாக்டர் பாத்துச் சொல்லுவாவ. அடக்குததை நாம பழகிக்கிடலாம். சரி, அவ கத்தினா நீங்க என்ன செய்வீய?”

“நானும் கத்துவேன்.”

“பெறவு?”

“கம்பை எடுப்பேன்.”

“பெறவு?”

போலீஸ்காரன் மாதிரியல்லவா கேட்கிறாள்! மகளைப் பார்க்கச் சொன்னால் என்னை ஏன் தோண்டுகிறாள்?

அடுத்த சனிக்கிழமை ராதாமணி ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். கோபம் தலைக்கேறினால் மாரிசெல்வி உள்ளங்கையைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு, தள்ளிப் போய் ஆறிவிட்டு வந்து பேச வேண்டும். அதுவரை அம்மாவும் வாயைத் திறக்கக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் ஆவுடைத்தாய் குமைந்தாள். “பெத்தவளுக்கு எதுக்க கை நீட்டவா சொல்லிக் குடுக்கா? ஏட்டி, எனக்குத் தெரியாம உங்கிட்ட வேற என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலம்மா. நீதான் வாசல்லயே இருந்தியே.”

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், மாரிசெல்வியிடம் விட்டுப்போன ஆடுகள் பக்கத்துப் புஞ்சையில் இறங்கி உளுந்தை மேய்ந்துவிட்டன. புஞ்சைக்காரர் கடற்கரை அண்ணாச்சி கத்திய கத்தலில் ஆவுடைத்தாய் ஓடி வந்தாள். ரயில் பாதைப் பக்கமிருந்து மூச்சு வாங்க வந்து நின்றாள் மகள்.

“எங்கட்டி போய்த் தொலைஞ்ச?” என்று கம்பை ஓங்கினாள்.

மாரிசெல்வியின் முகம் சிவந்தது. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைக் காட்டினாள்.

“பாத்தியா, பெத்தவளுக்கே கை ஓங்குதா!” என்றார் கடற்கரை. “இதை எங்கயாவது கொண்டுபோய்க் கட்டிப் போடு தாயி. தன்னால அடங்கும்.”

ஆவுடைத்தாய் ஓங்கிய கம்பைத் தாழ்த்தினாள். “யாரைக் கட்டச் சொல்லுதிய? உளுந்துக்கு என்ன உண்டோ அதை நான் தாரேன் அண்ணாச்சி. எம் பிள்ளையப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதிய.”

மகள் முள் உடைமரத்தடியில் போய் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஓடியே போய்விடுவாளோ என்று கண்ணை எடுக்காமல் பார்த்தபடி நின்றாள் தாய். நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கினாள். அது பெரிய பாடாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாரிசெல்வி தானாகவே எழுந்து வந்தாள். “தப்புதான் மாமா, நான் பாக்காம விட்டுட்டேன்” என்று கடற்கரையிடம் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகையில் ஆவுடைத்தாய் கேட்டாள். “அங்கன என்னத்தப் பாக்கப் போன?” அதட்டாமல் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கூட்ஸ் வண்டியிலம்மா, பூராவும் சிவப்பு டிராக்டர்! எண்ணிக்கிட்டே போனேன். பாதியில எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

சண்டை அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தட்டு நெளிந்தது. மாரிசெல்வி பத்தாவதில் கணக்கில் தவறி, மறு பரீட்சையில் தேறினாள். அதுவரைக்கும் அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் இருவரும் கோவில்பட்டிக்குப் போய் வந்தார்கள். ராதாமணியை நம்புகிறாயா என்று ஊரில் யாராவது கேட்டால் ஆவுடைத்தாய் உதட்டைப் பிதுக்குவாள். “போகப் போகப் பாப்போம்” என்பாள்.