கடலுக்குக் கட்டிய மூட்டை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் பார்த்தவர்கள் நாங்கள்தான் என்று அப்பா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏலக்காய் வாங்க வருகிற வெளியூர் வியாபாரிகளுக்கெல்லாம் ராமேஸ்வரம் போய்வந்த கதை உண்டு. தீவு, பாம்பன் பாலம், ரயிலுக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் என்று ஒன்று விடாமல் சொல்வார். போகும்போது எங்களோடு சித்தியும் வந்தாள், திரும்பும்போது அவள் இல்லை என்பது மட்டும் அந்தக் கதையில் வராது. ஆகவே அதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. பரமக்குடிப் பெண். கல்யாணமாகி ஆறேழு வருசமாகியும் பிள்ளை இல்லை. அப்பா போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். சித்தப்பா குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கொரு தடவை கீழே இறங்கி வருவார். அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பி என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயருக்கு ஆன செலவை வேறொருத்தி கொடுத்தாள்.

அந்த வருசம் காய் பறிப்பு முடிந்து மாசி பிறந்தபோது, ராசிங்காபுரத்தில் சித்தப்பாவுக்கு வேறு பெண் பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் சித்திக்கும் எனக்கும் தவிர எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் இருவருக்கும் சொல்லப்பட்டது வேறு. ராமேஸ்வரத்தில் கடலாடி, நாகர் பிரதிஷ்டை செய்தால் பிள்ளை பிறக்கும், எல்லாருமாகப் போய்வருவோம் என்றார்கள். எனக்கு எட்டு வயது. பிள்ளை அந்தத் தீவில்தான் கிடைக்கும், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். சித்தி எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது, ஆனால் ஒரு வாரமாக அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

தீவுக்குப் போவதற்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்பது பெரிய விவகாரமாகிவிட்டது. மலையடிவாரத்து ஜனங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? கடைக் கணக்குப்பிள்ளை இளமையில் இலங்கை போய் வந்தவர் என்பதால் அவர் வாக்குத்தான் வேதவாக்கு. தீவில் தண்ணீர் உப்புக் கரிக்கும், கூஜாவில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். உப்புக் காற்றில் உடம்பு எரியும், தேங்காய் எண்ணெய் வேண்டும். கடலாடி எழுந்ததும் கட்டியிருக்கிற துணியைக் கடலோடு விட்டுவிட வேண்டும், ஆகவே ஆளுக்கொரு பழந்துணி. ரயிலில் தலை சுற்றினால் வாயில் அடக்கிக்கொள்ள ஏலக்காய். சாமிக்கு ஏலக்காய் மாலை. வழிக்குப் புளிச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். இதெல்லாம் சரிதான். அந்தக் கடலில் அட்டை உண்டு என்றும் அவர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அது மீனவர்கள் பிடித்துக் காயவைத்து விற்கிற பண்டம் என்பதைச் சொல்லவில்லை. சித்தப்பா மலையில் அட்டைக்கடிக்கு வைத்திருக்கும் புகையிலை உப்புப் பையை மறக்காமல் எடுத்து வைத்தார். அப்பா தன் பங்குக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கம்பளிகளைச் சேர்த்தார்.

வீட்டுச் சாமான்களை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிய அம்மா, சித்தியின் சாமான்களைத் தனியாகக் கட்டினாள். சித்தி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா, போகணி, குத்துவிளக்கு, தாம்பாளம், சருவச்சட்டி எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துச் சாக்கில் போட்டாள். தேய்க்கும்போது நானும் சித்தியும் கூட உட்கார்ந்து தேய்த்தோம்.

"நாலஞ்சு பேருக்குப் பொங்க வைக்க இம்புட்டுப் பெரிய அண்டாவாக்கா?" என்று சித்தி சிரித்தாள்.

"சாமி காரியத்துல கணக்குப் பாக்கலாமா? வெரசா தேயி, சோலி கெடக்கு" என்றாள் அம்மா.

சித்தியின் சேலைகளும் அவளுடைய சின்னத் தகரப் பெட்டிக்குள் மொத்தமாகப் போயின. மற்றவர்களுக்கு இரண்டு மாற்றுத்துணிதான். சித்திக்கு மட்டும் முகூர்த்தப் பட்டு முதல் அடுப்படியில் கட்டும் நூல்சேலைவரை எல்லாம். பூஜையில் உட்காரப் போகிறவள் அவள்தானே, அவளுக்கு வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. தீவிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வரும்போது அதற்குப் போடச் சட்டை வேண்டாமா? பெரியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், இதை விட்டுவிட்டார்களே என்று, நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட பூப்போட்ட சட்டையைத் தேடி எடுத்துச் சித்தியின் பெட்டியில் மேலாக வைத்தேன். சித்தி அதைப் பார்த்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஏ ஆத்தா, உனக்கு இருக்கற புத்தி இந்த வீட்டுல யாருக்கும் இல்ல" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் என்னை அப்படிப் பாராட்டியவர்கள் வேறு யாருமில்லை.

கிளம்புகிற அன்று பெட்டிகளைப் பூட்டுமுன் அம்மா ஒருமுறை சரிபார்த்தாள். அந்தச் சட்டை அவள் கைக்கு வந்தது.

"இது இதுல எப்படி வந்துச்சு?"

"பாப்பாதான் வச்சா. சின்னத் துணிதானக்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் சித்தி.

"வேணாம். இது நம்ம வீட்டுது. ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது" என்று சொல்லி அம்மா சட்டையை உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டாள். சித்தி திறந்த பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள, அம்மா கயிறு போட்டு இறுக்கினாள்.

கலப்பது ஏன் கூடாது என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. கட்டிய பெண்ணை வேண்டாமென்று தீர்த்துவிடுவதென்றால் அவள் கொண்டுவந்த சீரைக் குறையில்லாமல் அவள் வீட்டில் இறக்கி, நாலு பேர் முன்னால் வெற்றிலை மாற்ற வேண்டும். அவள் பொருள் இங்கே ஒரு கரண்டி தங்கினாலும், நம் பொருள் அங்கே ஒரு துணி போனாலும் வழக்கு மிச்சமிருக்கும். என் அம்மா எதையும் திருத்தமாகச் செய்கிறவள்.

ரயிலில் மதுரை போய், அங்கே மாறி, பாம்பன் பாலத்தில் ஏறினோம். நான் ஜன்னலில் முகம் வைத்துக் கத்தினேன். அப்பா காசு போடச் சொன்னார், போட்டேன். சத்திரத்தில் கம்பளியை விரித்துப் படுக்கப் பார்த்து, வேர்த்து ஊற்றி, கம்பளிக்கு மேல் நாங்களும் எங்களுக்கு மேல் கொசுவுமாகக் கிடந்தோம்.

காலையில் கடல். இவ்வளவு தண்ணீர் ஓரிடத்தில் சும்மா கிடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்து, சாத்திரத்தை முடித்துக்கொண்டு கரையேறினார்கள். சித்தி மட்டும் ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கை கூப்பி நின்றாள். முங்குவாள், எழுவாள், உதடு அசையும், மறுபடி முங்குவாள். காலில் புகையிலை உப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கிய சித்தப்பா, துவட்டுகிற துண்டுடன் மணலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "போதும், கூப்பிடு" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அம்மா கூப்பிட்டாள். சித்திக்குக் கேட்கவில்லை. அலை சத்தம் என்று நினைத்தேன்.

பிறகு நாகருக்குப் பூஜை. பொங்கல் வைக்கச் சத்திரத்துக்காரரிடம் போய் அம்மா ஒரு பானையை வாடகைக்கு வாங்கி வந்தாள்.

"அண்டா இருக்கேம்மா?" என்றேன்.

"கட்டைப் பிரிக்க நேரமில்ல. வாய மூடு."

சித்தி என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த அந்தச் சாக்கைப் பார்த்தாள். அதற்குப் பிறகு திரும்பும் ரயில்வரை அவள் யாரோடும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பூஜையில் ஐயர் சொன்னபடி உட்கார்ந்தாள், எழுந்தாள், சித்தப்பா பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டினாள். தீர்த்துவிடப் போகிறவளை எதற்குப் பூஜையில் உட்காரவைத்தார்கள் என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதில்லையா? அப்பா அவ்வளவு நியாயஸ்தர்.

திரும்பும்போது, "ஒங்க அண்ணனை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்" என்று சித்தியிடம் சொல்லிப் பரமக்குடியில் இறங்கினோம். சாக்கைத் தூக்க ஆள் தேடினார் அப்பா. அதற்குள் சித்தப்பாவே அதைத் தலையில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் ஒரு செம்பு எடுத்துக் கொடுத்தறியாத மனுசர். அந்த அண்டாவோடு தெருவெல்லாம் குனிந்தபடி நடந்தார். மனைவிக்காக அவர் செய்ததாக நான் கண்ட ஒரே காரியம் அது.

சித்தியின் அண்ணன் வீட்டில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, ஊர்ப் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அதாவது அவர்களுக்கும் முன்பே ஆள் போய்ச் சொல்லியாகிவிட்டது. அவள் கூடப்பிறந்தவன் "வாங்க" என்றான், அவளைப் பார்க்காமல். சாக்கைப் பிரித்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைத்தார்கள். நன்றாகத் தேய்த்திருந்ததால் எல்லாம் மின்னின. யாரோ, சாமானைப் புழங்காமல் அப்படியே வைத்திருந்திருக்கிறார்கள் என்று எங்களைப் பாராட்டினார்கள்.

சித்தி அழவில்லை. கதவோரம் நின்றவள் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"கடல்ல எறங்குறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. அம்புட்டு நேரம் வேண்டிக்கிட்டிருக்க மாட்டேன்."

மூட்டையைக் கட்டும்போதே சித்திக்குத் தெரியும் என்று பிற்காலத்தில் அம்மா சாதிப்பாள். தெரிந்தவள் எதற்காகக் கடலில் அவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் கேட்டதுண்டு.

சித்தி கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள் என்று எனக்குச் சொன்னார்கள். நம்பினேன். ரயிலில் இடம் தாராளமாக இருந்தது, காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன்.

வைகாசியில் ராசிங்காபுரத்துச் சித்தி வந்தாள். சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதுகூடப் பெரியவளாக இருக்க மாட்டாள். அவளும் ஒரு பித்தளை அண்டா, போகணி, குத்துவிளக்கு, தாம்பாளம் கொண்டுவந்தாள். அம்மா அவற்றைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். புதுச் சித்தி கூச்சத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சித்தி, நீங்க எப்ப ராமேஸ்வரம் போவீங்க?" என்று கேட்டேன்.

அம்மா பரணிலிருந்து இறங்கி வந்து என்னை அறைந்தாள். புதுச் சித்தி கையில் போகணியோடு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அழுதேன். என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்குக் கடல் பிடித்திருந்தது. இந்தத் தடவையும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.