மச்சம் விடாத வீடு

கரவெட்டியில் எந்த வீட்டில் சாவுத் துடக்கு என்பது சந்தையில் மீன் விற்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது. சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை மச்சம் இல்லை. மீன், முட்டை எதுவும் அடுப்பில் ஏறாது. அப்பா இறந்தபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எல்லாம் முடிந்து அம்மா மறுபடி சந்தைக்குப் போன நாள், வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா ஒன்றும் கேட்காமல் நல்ல விளைமீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

தம்பி காணாமற்போனது போரின் கடைசி மாதங்களில். உடலும் இல்லை, சேதியும் இல்லை. அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர, அம்மா மீன் வாங்காத நாளே கிடையாது. மழை கொட்டினாலும் காய்ச்சல் காய்ந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மீனில் அவ்வளவு ஆசையென்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு முள் என்றால் பயம். குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். மச்சம் விடாத வீட்டில் யாரும் சாகவில்லை. அம்மாவின் நியாயம் அதுதான்.

நடுவில் சித்தப்பா இறந்தார். அப்பாவின் தம்பி என்பதால் எங்களுக்கும் துடக்கு, மச்சம் விடவேண்டி வந்தது. அம்மா அன்றைக்கே ஆள்விட்டு, இது சித்தப்பாவுடைய துடக்கு என்று சந்தையில் சொல்ல வைத்தார். என் தம்பிக்குத்தான் காரியம் செய்கிறோமென்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். எப்படியோ மீன்கார அக்காவுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. அந்தியேட்டி கழிந்து நாங்கள் சந்தைக்குப் போனதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியாத் தம்பிக்குச் செய்துபோட்டியள் என்ன? நல்லதம்மா. இனியெண்டாலும் மனம் ஆறட்டும்."

பாவம், நல்ல மனத்தோடுதான் சொன்னார். அம்மா கையை உதறிவிட்டு விறுவிறென்று வெளியே வந்துவிட்டார். அதன்பின் அந்த அக்காவின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அடுத்த பலகையில் வாங்குவார், அங்கே பழைய மீனைத் தலையில் கட்டினாலும் வாங்குவார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம். நானும் அந்த அக்காவின் கட்சிதான். காணாமற்போனவர்களுக்கும் நாள் பார்த்துச் செய்யலாமென்று ஐயரிடம் கேட்டு வந்து சொன்னேன். அம்மா பல நாள் என்னோடு கதைக்கவில்லை. மீனைக் காட்டி யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று நான் கத்தும்போதெல்லாம் அவர் செதில் உரசிக்கொண்டிருப்பார்.

போன ஆண்டு அம்மாவின் முழங்கால் விட்டுப்போனது. சந்தைக்குப் போகிற வேலை என்னிடம் வந்தது. ஒரு புதன்கிழமை காலை நான் பையோடு படலையைத் திறக்கும்போது, மீன் வேண்டாம் என்றார். விரதமா என்று கேட்டேன். இல்லை என்றார். சொந்தத்தில் யாரும் இறந்ததாகவும் தெரியவில்லை.

"ஆற்றை துடக்கம்மா?"

"தம்பியின்ரை. நான் கண்ணை மூடினா அவனுக்கு ஆர் செய்யிறது? நான் இருக்கேக்கை செய்துபோட்டுப் போறன். ஐயரிட்டைச் சொல்லிப்போட்டு வா."

இத்தனை காலம் நான் கேட்டுச் சண்டை பிடித்தது இதைத்தான். பையோடேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஐயர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஒழுங்கையில் திரும்பவில்லை. நேரே சந்தைக்குப் போய், கண்ணில் பட்ட முதல் மீனை விலைகூடக் கேட்காமல் வாங்கினேன். வெட்டித் தரவா என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு முழுசாகவே வாங்கி வந்தேன்.

குசினியில் பையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்து அழுதேன். அவன் செத்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய நான், அம்மாவின் வாயால் அதைக் கேட்கும்வரை நம்பியிருக்கவில்லை. அம்மா இருக்கிறார், அவர் விடமாட்டார் என்ற தைரியத்தில்தான் அவ்வளவும் பேசியிருக்கிறேன்.

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பையைத் திறந்து பார்த்தார். மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்து, மீனை வெளியே எடுத்து வைத்தார்.

"சரி பிள்ளை, இண்டைக்குச் சமை" என்றார். "நாளையிலை இருந்து விடுவம்."